இன்னும் ஒரு கல் இருக்கிறது

1

போன ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனை முடிந்து, கோயிலின் கீழ்த்தளக் கூடத்தில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. விமலா ஆன்ட்டி என் தட்டில் ஒரு கரண்டி தயிர்ப்பச்சடியை வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

"ஏன் தம்பி, நம்ம ஜெனி இன்னும் அந்த ஐஸ்ல பெருக்குறதுதான் பண்ணிட்டு இருக்காளா?"

என் மகளைப் பற்றிக் கேலியாகக் கேட்கவில்லை. அவர்கள் எல்லோரையும் அன்பாகத்தான் விசாரிப்பார்கள். நியூஜெர்சியின் பார்சிப்பனிக்கு வந்த புதிதில் எங்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். ஆனால் அந்தக் கேள்விக்கு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்த ஆட்டம் முடிந்து மூன்று வாரமாகியும் இப்படித்தான் இருக்கிறது. ரூட் எண்பது நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டும்போது திடீரென்று சிரிக்கிறேன்.

என் மனைவி கிரேஸ்தான் அடுத்த மேசையிலிருந்து சொன்னாள்: "ஆன்ட்டி, அவ ஜெயிச்சுட்டா. கனடாவுக்கே சாம்பியன். தெரியாதா உங்களுக்கு?"

"பெருக்குறதுலயா?"

"கர்லிங்ல ஆன்ட்டி. பொம்பளைங்க கர்லிங்ல."

"அடேயப்பா! அதுக்கெல்லாம் சாம்பியன் குடுக்குறாங்களா?" என்று ஆன்ட்டி உண்மையாகவே சந்தோஷப்பட்டு என் தட்டில் இன்னொரு கரண்டி பச்சடி வைத்தார்கள்.

சென்னையில் இருக்கும் நீங்களும் இதே கேள்வியைத்தான் கேட்பீர்கள். ஆகவே எழுதிவிடுகிறேன்.

2

நாங்கள் பெரம்பூர்க்காரர்கள். ஜெனிக்கு நாலு வயதாக இருந்தபோது கனடாவில் வினிபெக் என்ற ஊருக்குப் போனோம். மூக்குக்குள் இருக்கும் ஈரம்கூட உறைந்துபோகும் ஊர் அது. போன முதல் குளிரிலேயே நான் பஸ் நிறுத்தத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து பனிக்கட்டியைக் கண்டால் சுற்றிக்கொண்டு போவேன். எங்களுக்கு இருப்பது ஒரே பெண். அவள் அந்தப் பனிக்கட்டியின் மேல்தான் தன் வாழ்க்கையை நடத்துவேன் என்று பிடிவாதம் பிடித்தாள்.

கர்லிங் என்பது இதுதான். நீளமான பனித்தளத்தின் ஒரு கோடியில் நின்று, கைப்பிடி வைத்த கனமான கருங்கல்லைத் தள்ளிவிட வேண்டும். மறுகோடியில் வட்டத்துக்குள் வட்டமாகக் கோலம் போட்டதுபோல ஓர் இலக்கு. இரண்டு அணிகளும் மாறி மாறிக் கல் விட்டு முடித்ததும், நடுப்புள்ளிக்கு அருகில் யார் கல் இருக்கிறதோ அவர்களுக்குப் புள்ளி; எதிராளியின் கல்லைவிட நெருக்கமாக எத்தனை கல் இருக்கிறதோ அத்தனை புள்ளி. இப்படிப் பல சுற்று. எதிராளியின் கல்லை அடித்து வெளியே தள்ளலாம். கல் போகும் பாதையை இரண்டு பேர் துடைப்பத்தால் பரபரவென்று தேய்ப்பார்கள். தேய்த்தால் கல் இன்னும் கொஞ்சம் தூரம் போகும். டிவியில் பார்ப்பவர்களுக்கு அந்தத் துடைப்பம்தான் கண்ணில் படும். உண்மையில் ஜெனி அதிகம் பெருக்குவதே இல்லை. அவள் அணியின் தலைவி, 'ஸ்கிப்' என்பார்கள். எங்கே அடிக்க வேண்டும் என்று சொல்வதும், கடைசிக் கல்லை விடுவதும்தான் அவள் வேலை. இதை விமலா ஆன்ட்டிக்குப் பத்து வருடமாகச் சொல்லிவருகிறேன்.

முதன்முதலில் இந்த ஆட்டத்தைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. கிரேஸுக்கு இரண்டே நிமிடத்தில் புரிந்துவிட்டது.

"என்னங்க, இது கேரம் போர்டுங்க. பவுடருக்குப் பதிலா ஐஸு."

கிரேஸ் கல்லூரி நாட்களில் கேரம் ஆடியவள். கல்யாணத்துக்கு முன்பே பெரம்பூரில் அவள் ஸ்ட்ரைக்கருக்குப் பேர் உண்டு. நானும் ஆடுவேன், ஆனால் ஊறுகாய் மாதிரி, ஆள் குறைந்தால் மட்டும். எங்கள் தெருமுனை கேரம் கிளப்பில் ஒரு வழக்கம் இருந்தது. கடைசிக் காய் குழியில் விழும்வரை ஸ்டூலை விட்டு எழுந்திருக்கக் கூடாது. தோல்வி நிச்சயம் என்றாலும் உட்கார்ந்து ஆடித் தோற்க வேண்டும். நடுவில் எழுந்தவன் கிளப்பில் இருக்கும் அத்தனை பேருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். டீயைவிட, "எழுந்தவன்" என்ற பேர்தான் பெரிய தண்டனை. அந்தப் பேர் வருடக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவன் நான். ஜெனியின் பள்ளி அணி ஆடிய ஓர் ஆட்டத்தில், விட வேண்டிய கற்கள் இன்னும் மீதி இருக்கும்போதே, பதிமூன்று வயது ஜெனி கையுறையைக் கழற்றிவிட்டு எதிரணிப் பெண்ணிடம் போய்க் கை நீட்டினாள். குலுக்கினார்கள். எல்லோரும் துடைப்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். ஏதோ சிநேகிதிகள் ஹலோ சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். காரில் ஏறிய பிறகுதான் அவள் தோல்வியை ஒப்புக்கொண்டு ஆட்டத்தை முடித்திருக்கிறாள் என்று தெரிந்தது.

"பாதியில ஏம்மா விட்ட? இன்னும் கல்லு இருந்துச்சே!"

"இட்ஸ் ஓவர், ப்பா. நாங்க ஜெயிக்க சான்ஸே இல்ல. அதுக்கப்புறம் விளையாடினா ரூட்."

மரியாதைக் குறைவாம். கர்லிங்கில் பாதியில் விடுவதுதான் மரியாதை. இனி வெல்ல வழியில்லை என்று தெரிந்தபின்னும் ஆடிக்கொண்டிருந்தால், எதிராளி எப்போது வழுக்குவார் என்று காத்திருப்பதாக அர்த்தமாம். ஆகவே தோற்பவர்தான் முதலில் கையை நீட்டுவார். இன்னொரு வழக்கமும் உண்டு. ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். வென்றவர்கள் தோற்றவர்களுக்குக் குடிக்க வாங்கித் தர வேண்டும். பெரம்பூரில் தோற்று எழுந்தவன் டீ வாங்குவான். இங்கே ஜெயித்தவர் வாங்குகிறார். எனக்கு எல்லாமே தலைகீழாக இருந்தது.

அந்தக் கையுறை கழற்றும் காட்சி மட்டும் என் மனதில் தங்கிவிட்டது. அதன்பிறகு எந்த ஆட்டத்துக்குப் போனாலும் நான் கல்லைப் பார்ப்பதில்லை, அவள் கையைத்தான் பார்ப்பேன்.

3

1990-ல் வினிபெக்கில் வேலை போயிற்று. நியூஜெர்சியில் கிடைத்தது. பதினாறு வயதுப் பெண்ணைப் பள்ளிக்கூடத்தின் நடுவே பிடுங்கிக்கொண்டு வந்தோம். பார்சிப்பனி எங்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மாடிக் குடியிருப்பில் கதவைத் திறந்தால் சாம்பார் வாசனை. தமிழ் ஆராதனை. கறிவேப்பிலை விற்கும் கடை. நான் ஒரு மாதிரி ஊர் திரும்பிவிட்டது போல இருந்தேன். ஜெனிக்கு மட்டும் இது வெளிநாடு. "இங்க சரியான குளிரே இல்ல" என்பாள், ஆங்கிலத்தில்.

ஆங்கிலத்தில் என்று சொல்ல வேண்டியதே இல்லை. பத்து வயதில் எப்போதோ அவள் முழுசாகத் தமிழ் பேசுவதை நிறுத்தியிருந்தாள். ஒரே நாளில் நின்றதல்ல. நடுவில் ஒரு "ரூட்", ஒரு "ஓவர்" என்று ஆரம்பித்து, ஒருநாள் பார்த்தால் நாங்கள் தமிழில் கேட்பதும் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வதும் வீட்டு வழக்கமாகிவிட்டது. பெரம்பூரிலிருந்து என் தங்கை ஃபோன் பண்ணினால், "ஹாய் அத்தை, ஐ ஆம் ஃபைன்" என்று சொல்லிவிட்டு ரிசீவரைக் கிரேஸிடம் நீட்டிவிடுவாள். தங்கை ஒருமுறை கேட்டாள்: "ஏண்ணே, பொண்ணுக்கு நம்ம பாஷை வராதா?" "வரும், புரியும்" என்றேன். எவ்வளவு புரியும் என்று எனக்கே தெரியாது.

எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் ஒரு கர்லிங் கிளப் இருப்பதை அவளே தேடிக் கண்டுபிடித்தாள். கிரேஸ் டிரைவ் பண்ணுவாள். அங்கே பெரும்பாலும் தலை நரைத்தவர்கள்தான். போன முதல் மாதமே ஜெனி அத்தனை பேரையும் தோற்கடித்துவிட்டு, வழக்கப்படி எல்லோருக்கும் ஆரஞ்சு ஜூஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தாள். வரும் வழியில் அழுதாளாம். "இங்க எனக்கு எதிரா ஆட ஆள் இல்லம்மா" என்று, அதையும் ஆங்கிலத்தில்.

பள்ளி முடிந்ததும் வினிபெக்குக்கே படிக்கப் போனாள். டாக்டருக்குப் படிக்கப் போகிறாள் என்று ஆராதனையில் சொல்லி ஜெபிக்கச் சொன்னோம். அவள் பார்மசி எடுத்தாள். "டாக்டருக்குப் படிச்சா பிராக்டீஸுக்கு டைம் இருக்காது" என்று ஃபோனில் ஆங்கிலத்தில் சொன்னாள். நான், டாக்டர் பிராக்டீஸைச் சொல்கிறாளோ என்று ஒரு கணம் யோசித்தேன். இல்லை, கல்லைத்தான் சொன்னாள்.

4

அவளுக்கு இருபத்தொரு வயது நிறையவிருந்த குளிர்காலத்தில் எங்கள் கிரீன் கார்டுக்கு நேர்காணல் வந்தது. எத்தனையோ வருடம் காத்திருந்து வந்தது. நெவார்க்கில், மூன்று பேரும் நேரில் வர வேண்டும். இருபத்தொன்று ஆகிவிட்டால் சட்டப்படி அவள் எங்கள் பிள்ளைக் கணக்கில் வரமாட்டாள். எங்களுக்குக் கிடைக்கும், அவளுக்குக் கிடைக்காது.

அதே நாளில்தான் வினிபெக் இருக்கும் மனிடோபா மாகாணத்தின் பெண்கள் இறுதிப் போட்டி. அதில் ஜெயித்தால் மாகாணத்தின் பேரை முதுகில் போட்டுக்கொண்டு தேசியப் போட்டிக்குப் போகலாம். இருபது வயதில், தன்னைவிடப் பெரிய பெண்கள் மூன்று பேருக்குத் தலைவியாக அவள் அந்த இடம்வரை வந்திருந்தாள்.

"இட்ஸ் த சேம் டே, ப்பா," என்றாள் ஃபோனில்.

"வேற நாளு கேட்டுப் பாத்தாச்சும்மா. உன் பர்த்டேக்கு அப்புறந்தான் குடுப்பாங்களாம். அப்ப வந்து பிரயோஜனம் இல்லன்னு லாயர் சொல்றார்."

ஃபோன் வயரை விரலில் சுற்றிக்கொண்டு நானே தொடர்ந்தேன்.

"ஜெனி, இது ஒரு விளையாட்டும்மா. அது உன் வாழ்க்கை."

"நோ, ப்பா," என்றாள் மெதுவாக. "யூ காட் இட் பேக்வர்ட்ஸ்." நான் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறேனாம்.

கிரேஸ் இன்னொரு ரிசீவரில் கேட்டுக்கொண்டிருந்தாள். "நீ என்ன முடிவு பண்ணாலும் சாப்ட்டுட்டுப் போய் ஆடு" என்று மட்டும் சொன்னாள். எனக்கு அப்போது கிரேஸ் மேல் வந்த கோபம் ஜெனி மேல்கூட வரவில்லை.

நெவார்க்கில் அந்த அதிகாரியின் அறையில் மூன்று நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நடுநாற்காலியில் கிரேஸ் தன் கைப்பையை வைத்தாள். மகள் எங்கே என்று அதிகாரி கேட்டார். கனடாவில் ஒரு போட்டி என்றேன். "இதைவிட முக்கியமா?" என்று கேட்டுவிட்டு, அவருக்கே சங்கடமாகி, பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த காகிதத்தைப் புரட்டினார்.

வீட்டுக்கு வந்தபோது ஃபோனின் பதிவு இயந்திரத்தில் அவள் குரல் இருந்தது. ஜெயித்துவிட்டாள். பின்னணியில் பெண்கள் கூச்சலிடுகிறார்கள். கிரேஸ் அதைத் திரும்பத் திரும்பப் போட்டாள். நான் கோட்டைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். அன்றையிலிருந்து நாங்கள் எல்லையின் இந்தப் பக்கம், எங்கள் ஒரே பெண் அந்தப் பக்கம். விருந்தாளியாக வருவாள், போவாள்.

5

அதற்குப் பிறகு அவளுக்கு நேராக ஏறுமுகம் என்று நினைக்காதீர்கள். அந்த வருடத் தேசியப் போட்டியில் பெரும்பாலான ஆட்டங்களைத் தோற்றாள். அடுத்த வருடம் மாகாணத்தையே தாண்டவில்லை. அணியில் ஒருத்திக்குக் குழந்தை பிறந்தது, இன்னொருத்தி வேலைக்காக மேற்கே போனாள். ஜெனி புது ஆட்களைச் சேர்த்தாள். காலையில் மருத்துவமனையில் மருந்து எடுத்துக் கொடுப்பாள், மாலையில் பனித்தளம், வார இறுதியில் ஏதோ ஓர் ஊர். முழங்காலில் ஓர் அறுவை சிகிச்சை. மறுபடி மாகாணப் பட்டம். ஒரு முறை தேசிய அரையிறுதி. இன்னொரு முறை இறுதியாட்டத்துக்கே போய், நடுவிலேயே வெகுவாகப் பின்தங்கி, டிவியில் நாடே பார்க்கக் கையுறையைக் கழற்றினாள்.

அந்த ஆட்டத்தின் கேசட்டை வினிபெக்கிலிருந்து ஒரு சிநேகிதர் அனுப்பினார். நியூஜெர்சியில் அந்த ஆட்டத்தை எந்த சேனலிலும் காட்டவில்லை. எங்கள் மகளுக்காக அங்கே ஓர் ஊரே கடையடைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. இங்கே அடுத்த வீட்டுக்காரருக்குக் கர்லிங் என்றால் என்ன என்றே தெரியாது. எல்லையிலுள்ள ஒரு பாலத்தைத் தாண்டினால் என் பெண் பிரபலம், இந்தப் பக்கம் அவள் பெருக்குகிறவள்.

இந்த வருடம் ஜனவரியில், மாகாணத்தை மறுபடி ஜெயித்த கையோடு, ஞாயிறு மத்தியானம் கூப்பிட்டாள். ஆங்கிலத்தில்தான் பேசினாள். குரல் களைத்திருந்தது. இதுதான் கடைசி வருடம், முழங்கால் தாங்காது, அணிப் பெண்களும் களைத்துவிட்டார்கள், இந்த முறை தேசியம் கிடைக்காவிட்டால் நிறுத்திவிடுகிறேன் என்றாள். அதன் பிறகு சொன்னதுதான் என்னை உலுக்கிவிட்டது. நிறுத்தினால் நியூஜெர்சியில் வேலைக்கு அப்ளை பண்ணலாம் என்று இருக்கிறாளாம். பார்மசிஸ்டுகளுக்கு எல்லையிலேயே வேலை அனுமதி கொடுக்கிறார்களாம். "மேபி கிளோஸ் டு யூ கைஸ்," என்றாள்.

ஃபோனை வைத்துவிட்டுக் கிரேஸைப் பார்த்தேன்.

"மாடி ரூம்ல இருக்குற பெட்டியெல்லாம் எடுத்துரலாமா?" என்று கேட்டேன்.

"என்ன பேசறீங்க? அவ தோத்தாத்தானே வருவா?"

"அதான்..."

"அப்ப தோக்கணும்னு ஜெபிக்கப் போறீங்களா?"

அன்று இரவு ஜெபத்தில் கிரேஸ் சத்தமாக, எனக்குக் கேட்க வேண்டும் என்றே, "ஆண்டவரே, அந்தப் பிள்ளைக்குக் கடைசிக் கல்லு வரைக்கும் பெலன் குடும்" என்று ஜெபித்தாள். நான் ஆமென் சொன்னேன். மாடி அறையில் இருந்த பெட்டிகளை மட்டும் மறுநாள் சும்மா ஓர் ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

6

தேசியப் போட்டி இந்த முறை ஒண்டாரியோவில் ஒரு நகரத்தில். கார் ஓடும் தூரம். இறுதியாட்டத்துக்கு ஜெனியின் அணி வந்துவிட்டது என்று தெரிந்ததும் கிரேஸ் புளியோதரையைக் கட்டினாள். பஃபலோ பாலத்தைத் தாண்டியதும் கனடா எல்லை அதிகாரி ஜன்னலுக்குள் குனிந்தார். எங்கே போகிறீர்கள் என்றார். கர்லிங் ஃபைனல் என்றேன். யாருக்குக் கைதட்டப் போகிறீர்கள் என்றார். மனிடோபா என்றேன்.

"அப்படியானால் உங்களை உள்ளே விடக் கூடாது," என்று சிரித்தார். எதிரணி ஒண்டாரியோ, அவருடைய மாகாணம்.

"மனிடோபா ஸ்கிப் எங்க பொண்ணு," என்று கிரேஸ் தன் ஆங்கிலத்தில் சொன்னாள்.

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். நான் பொய் சொல்லவில்லை. பக்கத்துக் கூண்டில் இருந்தவரைக் கூப்பிட்டு, "ஜெனியின் அப்பா அம்மா!" என்றார். எங்கள் பின்னால் கார்கள் வரிசையாக நிற்க, இரண்டு பேர் கை நீட்டி எங்களிடம் கை குலுக்கினார்கள். எத்தனையோ வருடமாக எல்லைகளில் என் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லியே பழகியவன் நான். அன்று என் பெயரை யாரும் கேட்கவே இல்லை.

அரங்கம் முழுக்க ஒண்டாரியோக்காரர்கள். வினிபெக்கிலிருந்து வந்த ஒரு சின்னக் கூட்டம் ஓரமாக மணியடித்துக்கொண்டிருந்தது. ஆட்டத்தைப் பற்றி நான் அதிகம் சொல்ல முடியாது, ஏனென்றால் பாதி நேரம் நான் நடைபாதையில்தான் இருந்தேன். முக்கியமான கல் வந்தால் எனக்கு உட்கார முடியாது. வெளியே போய், பாப்கார்ன் விற்கும் இடத்தின் பக்கத்தில் நின்று, சத்தத்தை வைத்து ஊகிப்பேன். கிரேஸ் இருக்கையின் நுனியில் உட்கார்ந்து, "தேய்ங்கடி! தேய்!" என்று கத்திக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் ஒரு கிழவர் திரும்பிப் பார்த்து, அது என்ன வார்த்தை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அவரும் கத்த முயன்றார். ஒண்டாரியோக்காரர் என்பதால், தன் அணி தேய்க்கும்போது.

கடைசிச் சுற்று. ஜெனி இரண்டு புள்ளி முன்னால். ஆனால் கடைசிக் கல் ஒண்டாரியோவுடையது. வட்டத்துக்குள் அவர்களுடைய மஞ்சள் கற்கள் இரண்டு உட்கார்ந்திருந்தன. எங்கள் சிவப்பு ஒன்றுகூட இல்லை. ஜெனிக்கு இருப்பது ஒரே கல்.

"ரெண்டையும் எடுக்கணும்," என்றாள் கிரேஸ், பல்லைக் கடித்துக்கொண்டு. "ஒண்ணு நின்னாக்கூட அவங்க கடைசிக் கல்ல வச்சு சமன் பண்ணிருவாங்க. முதல் காய்ல பட்டு அந்த ஓரத்துக் காய்க்குப் போகணும். எங்க தெருவுல நான் அடிச்சிருக்கேன் இத."

"அடிச்சு விழுந்துச்சா?"

"பாதி தடவ விழுந்துருக்கு. உக்காருங்க."

நான் எழுந்து நடைபாதைக்குப் போய்விட்டேன்.

அங்கே சுவரைப் பார்த்து நின்றேன். உள்ளே முழு அமைதி. பிறகு ஜெனியின் குரல், "ஹார்ட்! ஹார்ட்!" என்று, அழுத்தித் தேய்க்கச் சொல்லி. பிறகு கல்லில் கல் மோதும் சத்தம். உடனே ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் மூச்சை விட்டதுபோல ஒரு பெரிய ஓசை. அது சந்தோஷமா, ஏமாற்றமா, எனக்குத் தெரியவில்லை. பிறகு ஓசை அடங்கிவிட்டது. அந்த அடங்கல்தான் என்னைப் பயமுறுத்தியது. ஓடினேன். படியில் இருந்தவர்களை இடித்துக்கொண்டு, பனித்தளத்தின் தடுப்புக் கம்பிவரை ஓடிவிட்டேன்.

நான் பார்த்தது இதுதான். தளத்தின் அந்தக் கோடியில், விடப்படாத ஒரு மஞ்சள் கல் சும்மா கிடக்கிறது. ஆட்டம் முடியவில்லை. இந்தக் கோடியில், எங்கள் அணிப் பெண் ஒருத்தி துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு முகத்தைப் பொத்தி அழுகிறாள். ஜெனி பனியின் மேல் நடந்து வருகிறாள். நடந்துகொண்டே வலது கையுறையின் நுனியைப் பல்லால் கடித்து இழுக்கிறாள். கையை முன்னால் நீட்டுகிறாள்.

பதிமூன்று வயதில் பார்த்த அதே கை.

அவள் தோற்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பார்சிப்பனிக்கு வருவாள். மாடி அறையில் இருப்பாள். நான் இத்தனை வருடம் கேட்டது அதுதான். அந்தக் கணத்தில் அதில் ஒன்றுகூட என் நினைவில் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, பெரம்பூர் தெருமுனையில் கத்துவதுபோலக் கத்தினேன்:

"ஜெனீ! கை குடுக்காதடீ! இன்னும் ஒரு கல்லு இருக்கு!"

அரங்கம் முழுக்கக் கேட்டது. பக்கத்தில் நின்ற காவலர் என் தோளில் கை வைத்தார். ஜெனி நின்றாள். திரும்பினாள். என்னைப் பார்த்தாள். ஆட்டக்காரர்களின் சட்டையில் டிவிக்காரர்கள் சின்ன மைக் மாட்டியிருப்பார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"அப்பா! அது அவங்க கல்லுப்பா!" என்று கத்தினாள் என் மகள். "ரெண்டையும் அடிச்சுட்டேன்! அவங்களுக்கு ரெண்டு வேணும், ஒரு கல்லுதான் இருக்கு! அவங்கதான் கை குடுக்குறாங்க! நாம ஜெயிச்சுட்டோம்ப்பா!"

தமிழில். முழுவதும் தமிழில். பதினாறு வருடம் வீட்டில் கேட்காத அந்தக் குரல், கனடா முழுக்க நேரடி ஒளிபரப்பில் கேட்டது.

அப்போதுதான் பார்த்தேன். வட்டத்துக்குள் சிவப்பைத் தவிர எதுவும் இல்லை. அதன் பின்னால் ஒண்டாரியோ தலைவி, கையுறையைக் கழற்றிவிட்டு, கையை நீட்டியபடி, அப்பாவும் பெண்ணும் பேசி முடிக்கட்டும் என்று மரியாதையாகக் காத்துக்கொண்டிருந்தாள்.

கம்பியைத் தாண்டப் போன என்னைக் காவலர்தான் பிடித்துக்கொண்டார். கிரேஸ் எப்போது வந்தாள் என்று தெரியாது, என் முதுகில் இரண்டு கையாலும் குத்திக்கொண்டிருந்தாள். "உக்காருங்கன்னு சொன்னேன்ல! உக்காருங்கன்னு சொன்னேன்ல!"

7

ஆட்டம் முடிந்து எல்லோரும் ஒரு பெரிய கூடத்தில் கூடினோம். இரண்டு அணிகளும் ஒரே மேசையில். எங்கள் எதிரே ஒண்டாரியோ தலைவியின் அப்பா வந்து உட்கார்ந்தார். மாட்டுப்பண்ணை வைத்திருப்பவர், உள்ளங்கை பலகை மாதிரி இருந்தது. நீங்கள் என்ன கத்தினீர்கள் என்று கேட்டார். சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் தன் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கும் அதைத்தான் கத்தத் தோன்றியது," என்றார். "என் பெண்ணிடம்."

நான் எழுந்து போய் அவருக்குக் காபி வாங்கி வந்தேன். அதுதானே இங்கே வழக்கம். பெரம்பூரில் யாராவது என்னை அந்தக் கோலத்தில் பார்த்திருந்தால், எழுந்தவன் போலிருக்கிறது, டீ வாங்குகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

ஜெனி நியூஜெர்சிக்கு வரப்போவதில்லை. அடுத்தது உலகப் போட்டி, கனடாவின் சட்டை போட்டுக்கொண்டு. முழங்கால் இன்னும் தாங்கும் என்று இப்போது சொல்கிறாள். மாடி அறையில் பெட்டிகளைப் பழைய இடத்துக்கே நகர்த்திவிட்டேன். தினமும் ஃபோன் பண்ணுகிறாள். ஆங்கிலத்தில்தான். எப்போதாவது, வைப்பதற்கு முன்னால், "சரிப்பா, வச்சுடுறேன்" என்று ஒன்று வருகிறது.

நேற்று விமலா ஆன்ட்டியும் ஆராதனைக்காரர்கள் சிலரும் வீட்டுக்கு வந்தார்கள். கேசட் வந்துவிட்டது. கிரேஸ் கேரம் போர்டை எடுத்துவைத்து, காய்களால் ஆட்டத்தை விளக்கிக்கொண்டே படத்தைப் போட்டாள். "பெருக்குறது அந்த ரெண்டு பேர் ஆன்ட்டி, இவ அதிகாரம் பண்றவ" என்று சொன்னாள். ஆன்ட்டிக்கு அது உடனே பிடித்துவிட்டது.

கடைசிக் கல் வந்தது. முடிவு எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். சிங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கல்லில் கல் மோதியது, இன்னொரு கல்லில் மோதியது. என் கத்தல் கேட்டது. அறையில் எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். பிறகு அவள் குரல்.

சிரிப்பு நின்றுவிட்டது.

"யாரு தம்பி அது?" என்று உள்ளேயிருந்து விமலா ஆன்ட்டி கூப்பிட்டார்கள். "நம்ம ஜெனியா பேசுறா? இப்படிப் பேசுவாளா அவ? ரீவைண்ட் பண்ணுங்க, ரீவைண்ட் பண்ணுங்க!"

கையைத் துடைத்துக்கொண்டு நானே போய் ரிமோட்டை எடுத்தேன்.